சொடுக்கினால்தான் இயங்கும்: உலாவிக் காப்புரிமை வழக்குகளின் சுமை யார் தலையில் விழுந்தது?

தறிநூல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான இயற்பியல் விளக்கப் பக்கங்களைக் கொண்ட பழைய இணையதளம் ஒன்றை நிலைக் கோப்புகளாக மாற்றிப் பாதுகாத்து வைக்கும் பணி என்னிடம் வந்திருக்கிறது. அதன் பெரும்பகுதி 2005-க்கும் 2009-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டது. ஃபிளாஷ் அசைவூட்டங்கள்தாம் அந்தத் தளத்தின் உயிர்நாடி. டபிள்யூகெட் என்ற தரவிறக்கக் கருவி கொண்டு முழுத் தளத்தையும் இறக்கியபோது பக்கங்கள் வந்தன, படங்கள் வந்தன, ஆனால் ஃபிளாஷ் கோப்பு ஒன்றுகூட வரவில்லை.

மூல நிரலைத் திறந்து பார்த்தேன். ஃபிளாஷ் போன்றவற்றைப் பக்கத்தில் பதிக்கும் ஆப்ஜெக்ட் குறிச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அழைக்கும் வரி மட்டுமே இருக்கிறது. அந்தக் கோப்பில் உள்ள ஒரே செயற்கூறு, முழு ஆப்ஜெக்ட் குறிச்சொல்லையும் ஒரு சரமாகக் கோத்து, டாக்குமென்ட்.ரைட் என்ற கட்டளை மூலம் பக்கத்தில் எழுதிவிட்டு முடிந்துவிடுகிறது. இது இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் புதுப்பிப்புக்காகச் செய்யப்பட்டது என்றும், பக்கத்துக்குள் கொண்டு வராமல் வெளிக்கோப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் தளத்தை முன்பு கவனித்தவர் அதன் தலைப்பில் குறித்து வைத்திருக்கிறார்.

இதற்குப் பின்னால் ஒரு காப்புரிமை வழக்கு இருப்பதாக மூத்த சக பணியாளர் ஒருவர் சொன்னார். அந்த வழக்கு எது, நீதிமன்றத்தில் நடந்த ஒரு சண்டை பள்ளிப் பாடப் பக்கத்தின் நிரல்வரியை எப்படி மாற்றியது, இப்போது அந்த வரிகளை எடுத்துவிடலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய உலாவி எழுதியது:

உங்கள் சக பணியாளர் சொன்னது சரிதான். அது இயோலாஸ் வழக்கு. அந்தக் காலத்தில் இணையப் பக்கம் எழுதிப் பிழைத்தவர்களில் அதனால் பாதிக்கப்படாதவர் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் மைக்கேல் டாயிலும் அவருடைய குழுவினர் இருவரும் செய்த வேலைக்காக 1994 அக்டோபர் 17 அன்று ஒரு காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. 1998 நவம்பரில் 5,838,906 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. உலாவி ஓர் ஆவணத்தைப் படிக்கும்போது அதில் பதிக்கப்பட்ட ஒரு பொருளை அடையாளம் கண்டு, அதற்குரிய வெளிச் செயலியைத் தானாக அழைத்து, பக்கத்தின் உள்ளேயே பயனர் அதனோடு ஊடாடும்படி காட்டுவதுதான் அந்தக் காப்புரிமை உரிமை கோரிய முறை. ஃபிளாஷ், குயிக்டைம், ரியல்பிளேயர், அக்ரோபாட், ஜாவா ஆப்லெட் ஆகிய எல்லாமே ஏறக்குறைய இந்த விவரிப்புக்குள் அடங்கிவிடும்.

பல்கலைக்கழகமும் டாயில் தொடங்கிய இயோலாஸ் நிறுவனமும் 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மீது சிகாகோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. 2003 ஆகஸ்டில் ஜூரி மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இழப்பீடு 52 கோடியே 6 லட்சம் டாலர்; விண்டோஸின் ஒரு பிரதிக்கு 1.47 டாலர் என்ற கணக்கில் வந்த தொகை அது. தொகையைப் பார்த்து இதை இரண்டு பெரிய தரப்புகளுக்கு இடையிலான பணத் தகராறு என்று நினைத்தவர்கள், அந்த ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் மாற்றுத் திட்டத்தை வெளியிட்டபோதுதான் விழித்துக்கொண்டார்கள். பதிக்கப்பட்ட பொருள் ஏற்றப்படும் முன் உலாவி ஓர் உரையாடல் பெட்டியைக் காட்டும், பயனர் சம்மதம் தெரிவித்த பின்பே தொடரும் என்பது அந்தத் திட்டம். உரிமத் தொகை செலுத்த வேண்டிய நிலையில் இருந்தது ஒரு நிறுவனம். ஆனால் திருத்தி எழுத வேண்டியிருந்தவை உலகெங்கும் இருந்த கணக்கற்ற பக்கங்கள்.

வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு சும்மா இருக்கவில்லை. 2003 அக்டோபர் 28 அன்று அதன் இயக்குநர் டிம் பெர்னர்ஸ்-லீ அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, இந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொண்டார். அலுவலகத் தலைமையே முன்வந்து மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. இது அரிதாக நடப்பது. மைக்ரோசாஃப்டும் மாற்றத்தை நிறுத்தி வைத்தது. 2004 தொடக்கத்தில் காப்புரிமையை நிராகரிக்கும் முதல்கட்ட முடிவு வந்தபோது பலரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் 2005 செப்டம்பரில் அதே அலுவலகம் காப்புரிமை செல்லும் என்று உறுதி செய்தது. அடுத்த மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மைக்ரோசாஃப்டின் மனுவை ஏற்க மறுத்தது.

அதன் விளைவாக 2006 பிப்ரவரியில் விருப்பப் புதுப்பிப்பாகவும், ஏப்ரல் 11 அன்று பாதுகாப்புப் புதுப்பிப்போடு சேர்ந்தும் அந்த மாற்றம் எல்லாருடைய கணினிக்கும் வந்து சேர்ந்தது. நிறுவனங்களுக்குச் சில வாரங்கள் மட்டும் அதைத் தள்ளிப்போட வழி கொடுக்கப்பட்டது. உரையாடல் பெட்டி கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாகப் பதிக்கப்பட்ட பொருளைச் சுற்றி ஒரு சட்டகம் தோன்றியது. அதன்மேல் சுட்டியை வைத்தால், இந்தக் கட்டுப்பாட்டை இயக்கிப் பயன்படுத்தச் சொடுக்கவும் என்ற குறிப்பு வரும். அசைவூட்டம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் முதல் அழுத்து வீணாகும், இரண்டாவது அழுத்துதான் வேலை செய்யும். பக்கத்தில் ஐந்து பொருள்கள் இருந்தால் ஐந்தையும் தனித்தனியாக எழுப்ப வேண்டும். விசைப்பலகையை மட்டுமே நம்பியிருந்த பார்வைக் குறைபாடுடையோர் தாவல் விசையால் ஒவ்வொன்றுக்கும் சென்று எண்டர் தட்ட வேண்டியிருந்தது. அந்த முதல் சொடுக்கைத் தவிர்க்கத்தான் உங்கள் தளத்தில் அந்த வெளிக்கோப்பு எழுதப்பட்டிருக்கிறது.

எழில்நிலா எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எனக்கு ஓர் இடம் மட்டும் விளங்கவில்லை. இறுதியில் உலாவியின் நினைவகத்தில் உருவாவது ஒரே ஆப்ஜெக்ட் குறிச்சொல்தானே? பக்கத்தில் நேரடியாக எழுதினால் சொடுக்க வேண்டும், வெளிக்கோப்பிலிருந்து எழுதினால் சொடுக்க வேண்டாம் என்ற வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதாவது உண்டா?

செருகுநிரல் எழுதியது:

சகோதரி எழில்நிலா, தொழில்நுட்பக் காரணம் எதுவுமே இல்லை. அந்தக் கோடு முழுக்கக் காப்புரிமைக் கோரிக்கையின் வாசகத்தைப் பார்த்து வரையப்பட்டது. ஆவணத்துக்குள்ளேயே பதிப்புக் குறிப்பு இருக்க வேண்டும், உலாவி அந்த ஆவணத்தைப் படிக்கும்போது அதைக் கண்டு செயலியைத் தானாக அழைக்க வேண்டும் என்பவை கோரிக்கையின் உறுப்புகள். ஒரு காப்புரிமைக் கோரிக்கையை மீறியதாகச் சொல்ல அதன் எல்லா உறுப்புகளும் பொருந்த வேண்டும்; ஒன்று பொருந்தாவிட்டாலும் மீறல் இல்லை. பயனரின் சொடுக்கு குறுக்கே வந்தால் தானாக என்ற உறுப்பு விழுந்துவிடுகிறது. குறிச்சொல் வேறொரு கோப்பிலிருந்து வந்தால் ஆவணத்துக்குள் என்ற உறுப்பு விழுந்துவிடுகிறது என்று வாதிட இடமிருக்கிறது. அதனால்தான் அதே டாக்குமென்ட்.ரைட் வரியைப் பக்கத்தின் உள்ளேயே எழுதினால் சட்டகம் தோன்றியது, தனிக் கோப்பில் வைத்து அழைத்தால் தோன்றவில்லை. வழக்கறிஞர்கள் வரைந்த எல்லை அப்படியே உலாவியின் நடத்தையாக மாறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இந்த வழியை மைக்ரோசாஃப்டே தன் உருவாக்குநர் ஆவணங்களில் விளக்கியிருந்தது. ஃபிளாஷை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பதிக்கும் எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் என்ற சிறு நிரல் நூலகம் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஓபரா உலாவியின் 9-ஆம் பதிப்பும் இதேபோன்ற சொடுக்கு முறையைக் கொண்டு வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் கொண்டு வரவில்லை. ஆகவே ஒரே பக்கம் உலாவிக்கு உலாவி வேறு விதமாக நடந்துகொண்டது, அதைச் சோதித்துச் சரிசெய்யும் செலவு பக்கம் எழுதியவரிடமே வந்து நின்றது.

இப்போது நண்பர் தறிநூலின் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். டபிள்யூகெட் ஜாவாஸ்கிரிப்டை இயக்காது. எனவே குறிச்சொல் உருவாகவே இல்லை, ஃபிளாஷ் கோப்பின் முகவரி அதன் கண்ணில் படவுமில்லை. நிரலை இயக்காமல் தளங்களைப் படியெடுத்த பழைய காப்பகத் தவழிகளுக்கும் இதே கதிதான். நீங்கள் செய்ய வேண்டியது, வழங்கியின் கோப்பகம் கைவசம் இருந்தால் அதிலிருந்தே எஸ்டபிள்யூஎஃப் என்று முடியும் ஃபிளாஷ் கோப்புகளைப் பட்டியலிட்டு எடுத்துக்கொள்வது. கைவசம் இல்லையென்றால், பக்கங்களில் அந்தச் செயற்கூறு அழைக்கப்படும் வரிகளைக் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு திரட்டி, அடைப்புக்குறிக்குள் தரப்பட்ட பெயர்களிலிருந்து முகவரிப் பட்டியலை உருவாக்கி இறக்குவது. ஓர் அசைவூட்டம் உள்ளிருந்தபடியே இன்னொன்றையோ எக்ஸ்எம்எல் கோப்பையோ அழைக்கக்கூடும். அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

அதன்பின் அழைப்பு வரிகளை எடுத்துவிட்டு நேரடி ஆப்ஜெக்ட் குறிச்சொற்களாக மாற்றிவிடலாம், தயக்கம் வேண்டாம். ஃபிளாஷைப் போலவே அக்கோப்புகளை இயக்கும் ரஃபிள் போன்ற போலிகை அவற்றைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். மாற்றும்போது அகலம், உயரம், ஃபிளாஷ்வார்ஸ் (அசைவூட்டத்துக்குள் அனுப்பப்படும் தரவு) மதிப்புகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோமதி நிரல் எழுதியது:

இந்த இழையில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதாகத் தோன்றுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். டாயில் குழுவினர் எதையும் செய்யாமல் காகிதம் மட்டும் வாங்கி வைத்திருந்தவர்கள் அல்லர். மனிதக் கருவின் வளர்ச்சியை முப்பரிமாணப் படங்களாக மருத்துவ ஆய்வாளர்களுக்குக் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. அந்தக் காலத்து மேசைக் கணினியால் தாங்க முடியாத கணக்கீட்டைத் தொலைவிலுள்ள வலுவான கணினியில் செய்து, விளைவை உலாவிக்குள் காட்டும்படி மொசைக் உலாவியை அவர்கள் மாற்றியமைத்தார்கள். 1993-இல் அது சாதாரண வேலை அன்று. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் தன் ஆய்வின் பயனைக் கோருவதும் தவறில்லை. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டபோது பல்கலைக்கழகத்துக்கு 3 கோடியே 4 லட்சம் டாலர் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் தொடக்கத்திலேயே உரிமம் பெற்றிருந்தால் இந்தச் சொடுக்குத் தொல்லையே வந்திருக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பழைய உலாவி எழுதியது:

அம்மா கோமதி நிரல், டாயில் குழுவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது நல்ல வேலை. கேள்வி அதுவன்று, அவர்கள்தாம் முதலில் செய்தார்களா, செய்த குறிப்பிட்ட வேலைக்கு அப்பால் எவ்வளவு பரப்பைத் தமதென்று கோரினார்கள் என்பதே கேள்வி.

பெய்-யுவான் வெய் என்ற இளைஞர், அதே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர், 1992-லேயே வயோலா என்ற உலாவியை வெளியிட்டிருந்தார். பக்கத்துக்குள் சிறு செயலிகளைப் பதிக்கும் வசதி அதில் வளர்ந்தது. 1993 மே 7 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்களுக்கு அதை அவர் இயக்கிக் காட்டினார்; இரகசிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த மாத இறுதியில் புதிய பதிப்பை யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்து, சன் பொறியாளருக்குத் தகவலும் தெரிவித்தார். இயோலாஸ் விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து ஓராண்டு பின்னோக்கிப் போனால் 1993 அக்டோபர் 17. அதற்கு முன்பே பொதுவெளியில் வந்துவிட்ட ஒன்றைக் காப்புரிமையாக்க முடியாது என்பது அமெரிக்கச் சட்டம். வயோலா அந்தக் கோட்டுக்கு ஐந்து மாதம் முன்னால் நிற்கிறது.

அப்படியிருந்தும் சிகாகோ ஜூரியின் முன் வயோலா வைக்கப்படவே இல்லை. வெய் முதல் பதிப்பை விட்டுவிட்டு அடுத்த பதிப்புக்குப் போய்விட்டார், எனவே தன் கண்டுபிடிப்பைக் கைவிட்டவராகிறார் என்று விசாரணை நீதிபதி கருதியதே காரணம். ஒரு நிரலாளராக இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் குறையவில்லை. பிழை திருத்திப் புதிய பதிப்பு வெளியிடுவது பழையதைக் கைவிடுவதாகும் என்றால், உயிரோடு இருக்கும் எந்த மென்பொருளும் முன்சான்றாக, அதாவது காப்புரிமைக்கு முன்பே அது இருந்ததற்கான சான்றாக, நிற்க முடியாது. 2005 மார்ச்சில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கருத்தை ஏற்க மறுத்து, ஒன்றை மேம்படுத்துவது கைவிடுவதாகாது என்று கூறி, வயோலாச் சான்றை மீண்டும் விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அந்த மறுவிசாரணை முடிவுக்கு வருவதற்குள் சமரசம் ஏற்பட்டுவிட்டதால், வயோலா ஜூரி முன் பேச இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உரிமம் பெற்றிருக்கலாமே என்ற உங்கள் வாதம் பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும். ஒவ்வொரு பிரதிக்கும் 1.47 டாலர் என்ற கணக்கை இலவசமாகத் தரப்படும் ஒரு திறமூல உலாவியின் மீது வைத்துப் பாருங்கள். பிரதிகளை எண்ணவே முடியாத ஒருவர் எதை எண்ணிக் கட்டுவார்? ஃபயர்ஃபாக்ஸ் மீது இயோலாஸ் வழக்குத் தொடரவில்லை என்பது உண்மை. ஆனால் வழக்கு வரவில்லை என்பதும் வர முடியாது என்பதும் ஒன்றல்ல.

சமரசத்துக்குப் பிறகு 2008 ஏப்ரலில் அந்தச் சட்டகம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலிருந்து எடுக்கப்பட்டது. கதை அதோடு முடியவில்லை. 2009 அக்டோபர் 6 அன்று இயோலாஸுக்குத் தொடர்புடைய இரண்டாவது காப்புரிமை கிடைத்தது. அன்றைக்கே ஆப்பிள், கூகுள், அமேசான், அடோபி, யாஹூ உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மீது டெக்சாஸில் வழக்குப் பதிவானது. இந்த முறை உலாவி தயாரிப்பவர்கள் மட்டும் பிரதிவாதிகள் அல்லர். ஸ்டேப்பிள்ஸ், ஜே.சி. பென்னி போன்ற கடைக்காரர்களும் இருந்தார்கள். தங்கள் இணையதளத்தில் ஊடாடும் பகுதிகள் வைத்திருந்ததே அவர்கள்மீது வந்த குற்றச்சாட்டு. சிலர் சமரசம் செய்துகொண்டு விலகினார்கள். மீதியிருந்தோருக்காக 2012 பிப்ரவரியில் டைலர் நகர நீதிமன்றத்தில் பெர்னர்ஸ்-லீயும் வெய்யும் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். ஜூரி காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று முடிவு செய்தது. 2013-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 2015-இல் இன்னொரு காப்புரிமையோடு கூகுள், அமேசான், வால்மார்ட் மீது தொடர்ந்த வழக்கும் 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தோற்றது. முதல் வழக்கிலிருந்து கணக்கிட்டால் 25 ஆண்டுகள்.

கோமதி நிரல் எழுதியது:

வயோலாவைப் பற்றிய பகுதி எனக்குப் புதிது, நன்றி. மேம்படுத்தினால் கைவிட்டதாகாது என்ற முடிவை ஏற்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரதிகளின் கணக்கில் அமெரிக்காவுக்கு வெளியே விற்றவையும் சேர்க்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் உருவான மூல வட்டிலிருந்து வெளிநாட்டில் படியெடுத்து நிறுவிய பிரதிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று அப்போது நீதிமன்றங்கள் ஏற்றிருந்தன; ஏடி&டி நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது தொடர்ந்த வேறொரு வழக்கில் 2007 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஆகவே தொகை பெரிதாகத் தெரிந்ததற்குக் காப்புரிமை மட்டுமே காரணமன்று, இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையும் காரணம்.

பெட்டிக்காரர் எழுதியது:

உலாவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தொலைக்காட்சிப் பெட்டி, விளம்பரத் திரை, வகுப்பறைச் சாதனம் என்று காணொளி ஓடும் சிறு கருவிகளுக்கு நிரல் எழுதும் எங்களைப் போன்றோருக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பக்கத்தில் எப்படிப் பதிப்பது என்ற கேள்வி தீர்ந்த இடத்தில், பதித்த காணொளியை எந்தக் கோடெக்கில் (காணொளியைச் சுருக்கி விரிக்கும் முறையில்) அவிழ்ப்பது என்ற கேள்வி தொடங்குகிறது.

எச்டிஎம்எல்5-இல் வீடியோ குறிச்சொல் வந்தபோது அது செருகுநிரல்களின் பிடியிலிருந்து விடுதலை தரும் என்று நம்பினோம். எல்லா உலாவிகளும் ஆதரிக்க வேண்டிய ஒரு பொதுக் கோடெக்கைத் தரத்திலேயே எழுதிவிட வேண்டும் என்ற முயற்சி நடந்தது. ஓக் தியோரா என்ற கட்டணமற்ற கோடெக் வரைவில் இருந்தது, பின்னர் 2007 இறுதியில் நீக்கப்பட்டது. மறைந்திருக்கும் காப்புரிமைகள் பின்னால் எழலாம் என்ற அச்சம் ஒரு பக்கம், எச்.264 என்ற கோடெக்குக்கு உரிமத் தொகை செலுத்த முடியாத திறமூல உலாவிகள் மறுபக்கம் என்று இழுபறியாகி, 2009-இல் எந்தக் கோடெக்கையும் குறிப்பிடாமல் விட்டுவிடுவது என்று முடிவானது. ஆண்டுக்கணக்கில் நாம் ஒவ்வொரு காணொளியையும் இரண்டு மூன்று வடிவங்களில் குறியாக்கி வழங்கியில் அடுக்கி வைத்தது அந்த ஒரு வெற்றிடத்தால்தான்.

சாதனத்தில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு பலகைக் கணினியின் தொடக்க காலப் பதிப்பைப் பாருங்கள். அதன் சில்லுக்கு டிவிடிகளில் உள்ள எம்பெக்-2 காணொளியை வன்பொருளிலேயே அவிழ்க்கத் தெரியும். ஆனால் பலகையின் விலைக்குள் எச்.264 உரிமம் அடங்கியிருந்தது, எம்பெக்-2 உரிமம் அடங்கவில்லை. 2012 ஆகஸ்டில் எம்பெக்-2-க்கு 2.40 பவுண்டு, விசி-1 என்ற இன்னொரு கோடெக்குக்கு 1.20 பவுண்டு என்று தனி உரிமச் சாவிகளை விற்கத் தொடங்கினார்கள். பலகையின் வரிசை எண்ணைக் கொடுத்து, வரும் பதினாறடிமான எண்ணை அமைவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதி மறுதொடக்கம் செய்தால், அதுவரை திக்கித் திணறிய டிவிடி படம் சீராக ஓடும். சில்லில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. பலகை பழுதாகி வேறொன்றை மாற்றினால் அந்தச் சாவி புதியதற்குச் செல்லாது. இருபது வகுப்பறைகளில் பலகைகளை நிறுவிப் பராமரிப்பவருக்கு அந்தப் பட்டியலைக் காப்பதே ஒரு தனி வேலை. எம்பெக்-2-இன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில்தான் காலாவதியானது.

எழில்நிலா எழுதியது:

அண்ணா, இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பவை. இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று படித்திருக்கிறேன். இங்கிருந்து நிரல் எழுதும் நமக்கு இது நேரடியாகப் பொருந்துமா?

சட்டப்பிரிவு எழுதியது:

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதல்ல என்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இந்த விலக்கைச் சுருக்க முயன்றது; 2005-இல் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்த மாற்றத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் தன்னளவில் என்ற சொல்லின் பொருள் வரம்பு பற்றிய விவாதம் தொடர்கிறது. வன்பொருளோடு இணைந்தோ தொழில்நுட்ப விளைவைக் காட்டியோ கோரப்படும் காப்புரிமைகள் இங்கும் வழங்கப்பட்டு வருகின்றன. அதைவிட முக்கியம், காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது என்பது. நீங்கள் கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதினாலும், அந்தக் கருவி அமெரிக்காவில் விற்கப்பட்டால் அங்குள்ள காப்புரிமையே பேசும். ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் உரிமத் தொகைப் பொறுப்பு யாருடையது என்ற விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

செருகுநிரல் எழுதியது:

உலாவிகள் எச்.264 விஷயத்தில் எப்படித் தப்பின என்பதையும் சேர்த்துவிடுகிறேன். கூகுள் 2010 மே மாதம் விபி8 கோடெக்கை இலவசமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பலரின் காப்புரிமைகளைத் தொகுத்து உரிமம் வழங்கிய எம்பெக் எல்ஏ நிறுவனம், விபி8-க்கு இன்றியமையாத காப்புரிமை வைத்திருப்போர் முன்வரலாம் என்று அழைப்பு விடுத்தது. அந்த அழைப்பு முடிவுக்கு வந்தது 2013 மார்ச்சில். 11 உரிமையாளர்களின் காப்புரிமைகளுக்குக் கூகுள் உரிமம் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் விபி8-ஐ நம்பிச் சில்லு வடிவமைப்பவர் யார்? வழக்கே இல்லாமல் ஓர் அறிவிப்பினாலேயே ஒரு தொழில்நுட்பத்தின் மீதான நம்பிக்கையைத் தள்ளிப்போட முடியும் என்பது என் கருத்து.

எச்.264 கூடாது என்று நெடுங்காலம் நின்ற, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, 2012-இல் இயங்குதளத்திலோ வன்பொருளிலோ ஏற்கெனவே உள்ள அவிழ்ப்பியைப் பயன்படுத்திக்கொள்ள முடிவெடுத்தது. 2013 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனம் ஓபன்எச்264 என்ற எச்.264 கோடெக் நிரலை அறிவித்தது. அதன் மூலநிரல் முழுவதும் திறந்தது, யாரும் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் சிஸ்கோ உரிமத் தொகை செலுத்துவது தன் வழங்கியிலிருந்து இறக்கப்படும் இருமக் கோப்புக்கு மட்டுமே. அதே மூலநிரலை நீங்களே தொகுத்தால் எழுத்துக்கு எழுத்து அதே நிரல் கிடைத்தாலும் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் நிறுவப்பட்ட பிறகு அந்தக் கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்வது அதனால்தான். இணைய இணைப்பே இல்லாத இடத்தில் வைக்கப்படும் சாதனத்துக்கு இந்த ஏற்பாடு உதவாது என்பதை நண்பர் பெட்டிக்காரர் அனுபவத்தில் அறிந்திருப்பார்.

பெட்டிக்காரர் எழுதியது:

நன்றாகவே அறிவேன். லினக்ஸ் பக்கம் இன்னும் கடினம். 2022 செப்டம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் தன் மீசா வரைகலை இயக்கித் தொகுப்பில் எச்.264, எச்.265, விசி-1 ஆகியவற்றுக்கான வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தியது. வரைகலை அட்டையில் அவிழ்க்கும் திறன் இருக்கிறது, இயக்கி இருக்கிறது, இடையிலுள்ள வாசல் மட்டும் அடைக்கப்பட்டது. பயனர் வேறொரு களஞ்சியத்திலிருந்து மாற்றுத் தொகுப்பை நிறுவ வேண்டியதாயிற்று.

எச்.265 எனப்படும் எச்இவிசி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். எம்பெக் எல்ஏ, எச்இவிசி அட்வான்ஸ், வேலோஸ் மீடியா என்று மூன்று தனித்தனி உரிமக் குழுக்கள் உருவாயின; இவற்றில் எதிலும் சேராத உரிமையாளர்களும் இருந்தார்கள். மொத்தம் எவ்வளவு செலுத்தினால் கடன் தீரும் என்று ஒரு சிறு தயாரிப்பாளரால் முன்கூட்டிக் கணக்கிட முடியவில்லை. தொகை பெரிதாக இருப்பதைவிடத் தொகை தெரியாமல் இருப்பதுதான் எங்களை அதிகம் வாட்டுகிறது. தெரிந்த தொகையை விலையில் சேர்க்கலாம், தெரியாததை எங்கே சேர்ப்பது? எச்இவிசி தரம் 2013-இல் முடிந்தது, குரோமில் அது சாதாரணமாக வேலை செய்யத் தொடங்கியது 2022 இறுதியில், அதுவும் சாதனத்தில் வன்பொருள் ஆதரவு இருந்தால் மட்டுமே.

இந்தக் குழப்பமே 2015 செப்டம்பரில் அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகியவை ஒன்றுகூடித் திறந்த ஊடகக் கூட்டணியை அமைக்க வழிவகுத்தது. 2018 மார்ச்சில் வெளியான அதன் ஏவி1 கோடெக்குக்கு உறுப்பினர்கள் உரிமத் தொகை கேட்பதில்லை. ஆனால் ஓராண்டுக்குள், 2019 மார்ச்சில், சிஸ்வெல் நிறுவனம் கூட்டணிக்கு வெளியே உள்ள உரிமையாளர்களுக்காக ஒரு தொகுப்பை அறிவித்தது: திரையுள்ள சாதனத்துக்கு 0.32 யூரோ, திரையில்லாததற்கு 0.11 யூரோ. இதனால் ஏவி1-ஐக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று புதிதாகத் தொடங்கும் திட்டங்களில் நான் அதையும் ஓபஸ் ஒலிக் கோடெக்கையுமே முதலில் பரிந்துரைக்கிறேன். சில்லில் அவிழ்ப்பி இருக்கிறது என்ற தகவல் தாளோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தெந்தக் கோடெக்குக்குத் தாங்கள் உரிமத் தொகை செலுத்தியிருக்கிறோம் என்பதைச் சில்லு விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் செலுத்த வேண்டியவர் முடிவுப் பொருளைத் தயாரிப்பவர்தான் என்று பதில் வரும். அந்தப் பதில் வடிவமைப்பு முடிவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.